கச்சேரி நடந்தது, காசு எங்கே?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் எங்களுடையது. சங்கத்தைப் பதிவு செய்திருக்கிறோம். பான் கார்டு, வங்கிக் கணக்கு உண்டு, நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி ஒப்புதல் இல்லை. மாணவிகளுக்குக் கழிப்பறைக் கட்டடம் கட்ட 12 லட்சம் ரூபாய் வேண்டும். போன வருடம் டிக்கெட் போட்டு இன்னிசைக் கச்சேரி நடத்தினோம். நல்ல கூட்டம். ஆனால் செலவு போக மிஞ்சியது 25,000 ரூபாய்தான். கணக்கை இணைத்திருக்கிறேன். ஊரில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். இந்த முறை டிவியில் பாடிப் பேர் வாங்கிய ஒருவரை அழைத்தால் வசூல் கூடும் என்கிறார்கள் சிலர். டிக்கெட்டோடு குலுக்கல் வைத்து ஸ்கூட்டி பரிசு கொடுக்கலாம் என்கிறார் பொருளாளர். சிங்கப்பூர், கனடாவில் இருக்கும் நண்பர்கள் என் சொந்தக் கணக்குக்கே பணம் அனுப்பத் தயார். பொங்கல் சமயத்தில் நடத்த எண்ணம். எப்படி நடத்தினால் வெற்றி பெறலாம்?

— சங்கச் செயலாளர்

பதில்:

அன்புள்ள செயலாளருக்கு,

கணக்கையும் சேர்த்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. கடிதத்தைவிட அதுதான் எனக்கு நிறையச் சொன்னது.

உங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வோம். ஆர்கெஸ்ட்ராவுக்கு 1,80,000. மேடை, மைக் செட், லைட், ஜெனரேட்டர் 95,000. மண்டபம் 60,000. நோட்டீஸ், ஃபிளெக்ஸ் 28,000. சாப்பாடு, பொன்னாடை, நினைவுப் பரிசு 47,000. ஆக மொத்தம் 4,10,000. வரவில் 500 ரூபாய் டிக்கெட் 520 விற்று 2,60,000. கடைக்காரர்களும் அரிசி ஆலைக்காரர்களும் கொடுத்தது 1,75,000. மொத்தம் 4,35,000. மிச்சம் 25,000.

இதில் நன்கொடை வரியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஊர்க்காரர்களிடம் 1,75,000 வாங்கிக்கொண்டு, கச்சேரியே நடத்தாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் பள்ளிக்கு 1,75,000 கிடைத்திருக்கும். கச்சேரி நடத்தியதால் அது 25,000 ஆகிவிட்டது. அதாவது நீங்கள் நிதி திரட்டியது கச்சேரிக்கு முன்னால். கச்சேரியில் அதைச் செலவழித்தீர்கள். ஊரில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் மோப்பம் பிடித்துவிட்டார்கள். யாரும் பணத்தைத் தின்றுவிடவில்லை, மேடைதான் தின்றது என்று அவர்களிடம் சொல்லிப் புரிய வைப்பது சிரமம்.

இருபது வருடமாக டிரஸ்ட்டுகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்குத் தணிக்கை செய்கிறேன். வருகிற கணக்குகளில் பாதி இப்படித்தான். பெரிய பாடகரை அழைத்தால் என்ன ஆகும்? அவர் சம்பளம், கூட வருபவர்களின் பயணம், ஓட்டல் அறை, அவர் கேட்கிற ஒலி அமைப்பு எல்லாம் முன்கூட்டியே நிச்சயமாகிவிடும். டிக்கெட் விற்பனைதான் நிச்சயமில்லாதது. அன்றைக்கு மழை வந்தாலும் செலவில் ஒரு ரூபாய் குறையாது. பாடகர் காசு வாங்காமல் வந்தால் கதை வேறு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1944ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்து கொடுத்தார். அது உதவிக் கச்சேரி. முழுச் சம்பளம் கொடுத்து அழைத்துவந்து நாம் நடத்துவது வியாபாரம். அதில் சினிமாக் கம்பெனிகளே கையைச் சுட்டுக்கொள்கின்றன.

சரி, அப்படியானால் விழாவே வேண்டாமா? வேண்டும். ஆனால் பணம் விழாவில் வரும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். விழா நடக்கும் நாளில் 12 லட்சத்தில் 11 லட்சம் ஏற்கெனவே சொல்லி முடிந்திருக்க வேண்டும். இந்தப் பதிலில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பதினோரு லட்சத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பெரிய வசூல்கள் எப்படி நடந்தன என்று பாருங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. உலகம் முழுவதும் தமிழர்கள் பத்தும் நூறுமாகக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வேலை தொடங்கியதே ஜானகிராமன், சம்பந்தம் என்ற இரண்டு அமெரிக்கத் தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலரை முதலில் வைத்ததால்தான். பிறகு தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018ல் தொகை நிறைந்தது. முதல் கை பெரிய கையாக இருந்ததால்தான் பின்னால் வந்த கைகளுக்கு நம்பிக்கை வந்தது.

உங்கள் 12 லட்சத்தையும் அப்படிப் பிரித்துப் போடுங்கள். ஒருவர் 2 லட்சம். மூன்று பேர் ஒரு லட்சம். ஆறு பேர் 50,000. இதிலேயே 8 லட்சம் வந்துவிட்டது. ஆட்கள் பத்துப் பேர்தான். அடுத்து, பள்ளியில் படித்த செட்டுகள். 1984 செட், 1991 செட் என்று இருபது செட்டைப் பிடித்து, ஒரு செட்டுக்கு 15,000 என்று வைத்தால் 3 லட்சம். முப்பது பேர் ஆளுக்கு 500 கொடுத்தால் ஒரு செட்டின் பங்கு முடிந்தது. மீதி ஒரு லட்சத்தை விழாவுக்கு விட்டுவிடுங்கள்.

அந்தப் பத்துப் பேரைப் பிடிக்க நாற்பது பேரையாவது பார்க்க வேண்டியிருக்கும். அங்கேதான் எல்லாச் சங்கங்களும் சோர்ந்து போகின்றன. வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடைப் போட்டு, ‘உங்களால் முடிந்ததைத் தாருங்கள்’ என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ‘முடிந்தது’ என்ற சொல்லைப் பார்த்ததும் மனிதர்களுக்கு 500 ரூபாய்தான் முடிகிறது. கோயம்புத்தூரில் மில் வைத்திருக்கிற உங்கள் பழைய மாணவரும் அதே 500ஐத்தான் அனுப்புவார். அவர் மேல் தப்பில்லை. குழுவில் மற்றவர்கள் என்ன போட்டார்கள் என்று பார்த்து, கூடுதலாகப் போட்டால் பகட்டு என்று நினைப்பார்களோ என்று தயங்கியிருப்பார்.

நேரில் போங்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கண்டிப்பாக அவருடைய செட்டாக இருக்கட்டும், ‘டேய்’ போட்டுப் பேசுகிற உரிமை உள்ளவர். போகும்போது ஒரு தாளில் கட்டடத்தின் எஸ்டிமேட், இப்போதைய கழிப்பறையின் போட்டோ ஒன்று. தொகையை நீங்களே சொல்லுங்கள்: ‘ஒரு லட்சம் கேட்கத்தான் வந்தோம்.’ சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இது ரொம்பக் கஷ்டம். நம் ஆட்கள் அந்த அரை நிமிட மௌனத்தைத் தாங்க முடியாமல், ‘இல்லேன்னா ஐம்பது கொடுத்தாலும் போதும்’ என்று தாங்களே பேரத்தைக் குறைத்துவிடுவார்கள். அவர் யோசிக்கட்டும். இப்போது பாதி, மார்ச்சில் பாதி என்று சொன்னாலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கேட்கப் போகிற செயலாளர், தலைவர், பொருளாளர் ஆகியோர் முதலில் தங்கள் பங்கைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். ‘நீ எவ்வளவு போட்டே?’ என்ற கேள்வி முதல் வீட்டிலேயே வரும்.

இப்போது விழா. உங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, வந்தவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். கேரள வெள்ளத்துக்கு அந்தப் பக்கத்தில் இதே முறையில் பணம் சேர்த்தவர்களும் உண்டு. அதன் உயிர் விருந்தில் இல்லை, மொய் நோட்டில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று பழைய நோட்டைப் பார்த்து, ஒரு தொகையை மனதில் முடிவு செய்துகொண்டுதான் வீட்டிலிருந்தே கிளம்புகிறார்கள். பந்தலுக்கு வந்து யோசிப்பதில்லை. உங்கள் விழாவில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் கிடையாது என்பதால் அதை அப்படியே நகல் எடுக்க முடியாது. ஆனால் ‘கிளம்பும்போதே முடிவு’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். அழைப்பிதழிலேயே உங்கள் செட்டின் பங்கு 15,000, இதுவரை சேர்ந்தது இவ்வளவு என்று போட்டு அனுப்புங்கள். செட்டுக்கு ஒரு பொறுப்பாளர். தன் செட் மட்டும் பின்தங்கி நிற்பதை யாரும் விரும்புவதில்லை.

மொய் மேசையைத் தணிக்கைக்காரன் கண்ணால் நான் எப்போதும் ரசிப்பேன். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிச் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். எழுதுகிறவர் பணத்தைத் தொடுவதில்லை. வாங்குகிறவர் நோட்டைத் தொடுவதில்லை. பெரிய கம்பெனிகளுக்கு நாங்கள் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான். உங்கள் விழாவிலும் இதே ஏற்பாடு இருக்கட்டும். ரசீதுப் புத்தகங்களுக்கு எண் போட்டு, யாரிடம் எந்த எண் போனது என்று குறித்துக்கொண்டு, விழா முடிந்த இரவே அடிக்கட்டையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். நான் பார்த்த ஒரு சங்கத்தில் இருபது புத்தகம் அடித்தார்கள், பதினேழுதான் திரும்பியது. மீதி மூன்றும் யாரோ மறதியில் பீரோவில் வைத்திருந்தவைதான், ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. அது தெரிவதற்குள் இரண்டு வருடம் ஓடி, சங்கமே இரண்டாக உடைந்துவிட்டது.

செலவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வழி நம் கோயில் திருவிழாவிலேயே இருக்கிறது. மண்டகப்படி. ஒவ்வொரு நாள் செலவும் ஒருவருடையது. அதைப் போல, பந்தல் ஒருவர் உபயம், சாப்பாடு ஒரு செட்டின் உபயம், மைக் செட் உள்ளூர்க்காரர் உபயம் என்று பிரித்துவிடுங்கள். ரொக்கமாக 10,000 தரத் தயங்குகிற மைக் செட்காரர், ஒரு நாள் சாமானைச் சந்தோஷமாக இறக்கித் தருவார். எந்தச் செலவுக்கு உபயதாரர் கிடைக்கவில்லையோ அந்தச் செலவே வேண்டாம். பொன்னாடை, நினைவுப் பரிசு, ஆளுயர ஃபிளெக்ஸ் எல்லாம் தானாக விழுந்துவிடும். இடத்துக்குப் பள்ளி மைதானமே போதும்; தலைமையாசிரியர் வழியாக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று மதியம் வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள்.

நிகழ்ச்சி என்று பார்த்தால், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாலு பேரை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். அந்தக் கணக்கு வாத்தியாரைப் பார்க்க வருகிற கூட்டம் எந்தப் பாடகருக்கும் வராது. ஆனால் மேடையில் யார் எவ்வளவு என்று தொகையை வாசிக்காதீர்கள், பெயர்களை மட்டும் அகர வரிசையில் வாசியுங்கள். மொய்ப் பந்தலில் தொகையைச் சொல்வது மரபு. இங்கே அப்படிச் செய்தால், 200 ரூபாயோடு வந்த பழைய மாணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார். அவர் அடுத்த முறை வர வேண்டும், அவர் மகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள்.

குலுக்கலைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003லிருந்து தடை. அதற்கு முன்பே பரிசுத் திட்டங்களைத் தடுக்க 1979ல் ஒரு தனிச் சட்டம் வந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சீட்டு கொடுத்து ஸ்கூட்டி பரிசு என்று நோட்டீஸ் அடித்தால், நல்ல காரியத்துக்குத்தான் செய்தோம் என்று காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுப் பணம்தான் இதைவிடப் பெரிய கண்ணி. உங்கள் சொந்தக் கணக்குக்கு எதுவும் வரக்கூடாது, உள்ளூர்ப் பணமும்தான். உங்கள் பெயரில் வந்த பணத்தை நாளைக்கு வருமான வரித் துறை கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் நண்பர் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகச் சங்கக் கணக்குக்கு அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவரின் பணம், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். உங்களிடம் இரண்டும் இல்லை. ‘என் தம்பி கணக்குக்கு அனுப்புறேன், அவன் கொடுப்பான்’ என்பார்கள். அதுவும் அதே தப்புதான், ஒரு கை சுற்றி வருகிறது, அவ்வளவே. ஆகவே பாஸ்போர்ட் எந்த நாடு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

80ஜி இல்லாமல் நோட்டீஸில் ‘வரிவிலக்கு உண்டு’ என்று போட்டுவிடாதீர்கள். ஆசைப்பட்டுப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வருமான வரித் துறையில் அறப்பணி அமைப்பு என்ற பதிவும் 80ஜி ஒப்புதலும் கேட்டு இப்போதே விண்ணப்பிக்கலாம். புதிதாக வருபவர்களுக்கு முதலில் தற்காலிகமாகத் தருவார்கள். 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, மக்கள் வாயில் 80ஜி 80ஜிதான். ஒப்புதல் கிடைத்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரர்களுக்கும் இல்லை. ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. வாங்கினால் அபராதம் உங்களுக்கு. உங்கள் பட்டியலின் முதல் ஆளிடம் காசோலை கேளுங்கள்.

முன்னேற்பாடு இல்லாமல் போனால் பெரிய மனிதர்களுக்கும் இதே கதிதான். வங்கதேச அகதிகளுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டுக்கொண்டு, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு காட்சி நடத்தினார். டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போனது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரிய பணம் வருடக்கணக்கில் வரித் தகராறில் சிக்கிக் கிடந்தது. நிகழ்ச்சிக்கு முன்பே வரிவிலக்குக்கு விண்ணப்பித்து வைக்காததுதான் காரணம். பாடியவர்கள் யாரும் சம்பளம் வாங்காத கச்சேரி அது.

மற்ற அனுமதிகள் சுருக்கமாக: காவல் நிலையத்தில் கடிதம், ஒலிபெருக்கிக்கு அனுமதி, இரவு பத்துக்கு மேல் மைக் கிடையாது. மதிய விருந்தென்றால் பாதித் தலைவலி குறைந்தது.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். அரசுப் பள்ளிக்குக் கட்டடம் என்றால் 12 லட்சத்தையும் நீங்களே சுமக்க வேண்டுமா? ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால், மீதியை அரசு போடுகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் வேலை அதில் வருமா என்று விசாரியுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டமும் இருக்கிறது. சங்கத்தை நம்பத் தயங்குகிற பெரிய நன்கொடையாளர்களையும் கம்பெனிகளையும் அந்தப் பக்கம் அனுப்பலாம். எப்படிச் செய்தாலும் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் எழுத்தில் சம்மதித்த பிறகே முதல் ரசீதைக் கிழியுங்கள்.

அப்படி அரசுப் பங்கு கிடைத்துப் பணம் மிஞ்சினால் அடுத்த கட்டடத்துக்குப் போகாதீர்கள். முன்னாள் மாணவர்கள் கட்டிக் கொடுத்த கழிப்பறைகள் பூட்டிக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுத்தம் செய்ய ஆள் இல்லை, மோட்டார் ரிப்பேர், அவ்வளவுதான் காரணம். சுத்தம் செய்பவருக்கு மாதம் 4,000 ரூபாய் வீதம் ஐந்து வருடத்துக்கு 2,40,000 ஆகிறது. அதைச் சங்கத்தின் பெயரில் டெபாசிட்டாகப் போட்டு வையுங்கள். நன்கொடை கேட்கப் போகும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்; ‘கட்டிட்டு விட்டுடுவீங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்தபடியே கொஞ்சம் யோசிப்பார்.

கடைசியாக உங்கள் கணக்குத் தாளைப் பற்றி. முதல் வீட்டுக்குக் கேட்கப் போவதற்கு முன்னால், போன வருடக் கணக்கை அச்சடித்துப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் சங்கக் குழுவிலும் போடுங்கள். கச்சேரி நஷ்டக் கணக்கு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல். ஆனால் போடுவதற்கு முன் ஒரு வரியைத் திருத்த வேண்டும். கடைசி வரியில் ‘கையிருப்பு 25,000’ என்று இருக்கிறது. யார் கையில் என்று எழுதவில்லை. வங்கியில் கட்டியிருந்தால் தேதியையும் சலான் எண்ணையும் போடுங்கள். இன்னும் யாராவது வைத்திருந்தால், நாளைக் காலை வங்கி திறந்ததும் கட்டிவிட்டு அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள்.